இரண்டாவது ஆள்

ஜனவரி 12

அன்புள்ள மச்சானுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? பைண்டிங் பிரிவில் பசை வாடை தலைவலி கொடுக்கிறது என்று எழுதியிருந்தாயே, ஜன்னல் பக்கம் இடம் மாற்றிக் கொடுத்தார்களா?

வழக்கமாக அக்காதான் எழுதுவாள், இதென்ன புதிதாக மாமா கையெழுத்து என்று பார்ப்பாய். அவளுக்கு வலது கையில் சுளுக்கு. துணி உதறும்போது பிடித்துக்கொண்டது. "நீங்க எழுதுங்க, கடிதம் வரலன்னா அந்த வாலு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்" என்றாள். பதினெட்டு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் ரிப்போர்ட்டைத் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. பிரேக் தேய்ந்துள்ளது, மாற்றப்பட்டது, ஓட்டிப் பார்க்கப்பட்டது. என் கடிதமும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

ஒரு செய்தி. உன் அறையில் தூசி படிந்துகொண்டிருந்த கம்ப்யூட்டரை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதில் நீ ஆடுவாயே, பனியும் துப்பாக்கியுமாக ஒரு பழைய ராணுவ விளையாட்டு, அதைத் திறந்தேன். நீ போவதற்கு முன் மூன்றாவது கட்டத்தில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாய். சிப்பாய் பாலத்துக்கு முன்னால் ஒரு வருஷமாக அப்படியே நிற்கிறான், பாவம். நான் அவனைப் பாலத்தில் ஏற்றினேன். செத்தான். பதினோரு தடவை செத்தான். எனக்கு நடக்கவும் சுடவும் ஒரே நேரத்தில் வரவில்லை. உனக்கு ஏதாவது வழி தெரிந்தால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா

•

ஜனவரி 30

மாமாவுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியமாக இருக்கிறேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்துவிட்டது, தலைவலி குறைந்தது. அக்கா கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றே வேலை செய்துகொண்டிருப்பாள். விடாதீர்கள்.

நீங்கள் அந்த விளையாட்டை ஆடுகிறீர்கள் என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரர் என்ன என்று கேட்டார். எங்க மாமா பாலத்துல பதினோரு தடவை செத்துட்டார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மாமா, பாலத்தின் மேல் போகவே கூடாது. கீழே ஆறு பனியாக உறைந்திருக்கும். குனிந்தபடி அதில் நடந்து மூன்றாவது தூணுக்குப் போனால் ஏணி இருக்கும். ஓடினால் சத்தம் கேட்டுவிடும். இது பழைய விளையாட்டு, அடிபட்டால் தானாக உடம்பு தேறாது. சிவப்புச் சிலுவை போட்ட பெட்டி எங்கே கண்ணில் பட்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து அடிக்கு ஒருதரம் எஃப்-5 அழுத்துங்கள். அப்போதுதான் செத்தால் அங்கிருந்தே தொடங்கும்.

உங்களுக்குத் தெரியும், எனக்கு இங்கே பேச்சு குறைவு. அன்று கிடங்கில் நான் ஃபோர்க்லிஃப்டைப் பின்னால் எடுத்தபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் அந்தச் சுமை தூக்குகிறவர் இன்றைக்கு அவர் வீட்டில் இருப்பார். மூன்று வருஷத் தண்டனையில் ஒன்று முடிந்தது. இந்த ஒரு வருஷத்தில் யாரும் என்னிடம் எதற்கும் வழி கேட்டதில்லை. நீங்கள்தான் முதல்.

கை சரியானதும் அக்காவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்

•

பிப்ரவரி 21

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதத்தைப் படித்து உன் அக்காவுக்கும் காட்டினேன். உனக்குப் பசியெடுத்துச் சாப்பிட முடிகிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்கச் சொன்னாள்.

பாலத்தைத் தாண்டிவிட்டோம். மூன்றாவது தூண், ஏணி, எல்லாம் நீ சொன்னபடியே. நடுவில் நான் எறிந்த குண்டு சுவரில் பட்டு என் காலடிக்கே திரும்பி வந்தது. உன் அக்கா சிரித்த சிரிப்பில் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது முள்வேலி வரைக்கும் வந்துவிட்டோம். கோபுரத்தில் விளக்கை வைத்துக்கொண்டு ஒருத்தன் நிற்கிறான். வாசலில் இரண்டு பேர். எந்தப் பக்கம் கிளம்பினாலும் சைரன் அடிக்கிறது. காவல் மாறுகிற நேரம் எது? உள்ளே அடைத்து வைத்திருப்பவர்களை எந்த வழியாக வெளியே கொண்டுவருவது? விவரமாக எழுது. முடிந்தால் படம் போட்டு அனுப்பு. நாங்கள் காத்துக்கொண்டிருக்கிறோம்.

கை இன்னும் சரியாகவில்லை. டாக்டர் ஒரு படம் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். மற்றபடி எழுத ஒன்றும் இல்லை.

உன் மாமா

•

மார்ச் 8

மாமாவுக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அக்காவிடம் சொல்லுங்கள்.

படம் போட்டு இணைத்திருக்கிறேன். பென்சிலால் கோடு போட்டிருப்பது வேலி. வடக்கு மூலையில், லாரி நிற்கும் இடத்துக்குப் பின்னால் வேலியில் கிழிசல் இருக்கும். கோபுரத்து விளக்கு ஒரு சுற்று வர இருபது எண்ணிக்கை. அது சமையல்கட்டுப் பக்கம் திரும்பியதும் உள்ளே போய்விட வேண்டும். முதலில் ஜெனரேட்டரை நிறுத்துங்கள். விளக்கும் சைரனும் போய்விடும். வாசலில் இடது பக்கத்துக்காரனிடம்தான் சாவி. ஆட்களை அதே கிழிசல் வழியாகவே கூட்டிவாருங்கள், வாசல் வழியாக வேண்டாம்.

நல்ல செய்தி ஒன்று. ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தவர்களுக்கு மூன்று நாள் வீட்டு விடுப்பு உண்டு. மனு கொடுத்துவிட்டேன். ஏப்ரலில் குழு கூடுகிறது, என் பெயர் பட்டியலில் இருக்கிறதாம். நேரில் வந்தே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவேன் போலிருக்கிறது.

மாமா, ஒரு சுளுக்குக்கு ஏன் படம் எடுக்கச் சொன்னார்கள்? அதில் என்ன தெரிந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அக்காவுக்கு என்மேல் ஏதாவது மனத்தாங்கலா?

உங்கள் மச்சான்

•

ஏப்ரல் 2

அன்புள்ள மச்சானுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? இருக்கிறாய் என்று மட்டுமாவது எழுது.

நாங்கள் இன்னும் வேலிக்கு வெளியேதான் நிற்கிறோம். நாற்பது தடவைக்கு மேல் ஆகிவிட்டது. விட்டுவிடலாமா என்றால் உன் அக்கா கேட்பதில்லை. "வாலு எழுதுவான்" என்கிறாள்.

நான் இப்போது அரை நாள்தான் வேலைக்குப் போகிறேன். வருஷம் முடிந்தால் விடுப்புக்கு மனு போடலாம் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தாயே, போட்டாயா? கொஞ்சம் சீக்கிரமாக வர முடிந்தால் நல்லது. சும்மாதான் கேட்கிறேன், நீ எதையும் யோசித்துக்கொண்டிருக்காதே.

உன் மாமா

•

ஏப்ரல் 19

சிறை அலுவலகம், கடிதப் பிரிவு

ஐயா,

கைதி எண் 4417-க்குத் தாங்கள் எழுதிய பிப்ரவரி 21, ஏப்ரல் 2 தேதியிட்ட கடிதங்களும், அவர் தங்களுக்கு எழுதிய மார்ச் 8 தேதியிட்ட கடிதமும் அதனுடன் இருந்த வரைபடமும் ஆய்வுக்காக எடுத்து வைக்கப்பட்டுள்ளன. முதற்கடிதம் அவரிடம் காட்டி, அவர் பதில் எழுதிய பின்னர் மீளப் பெறப்பட்டது.

காவல் கோபுரம், காவல் மாறும் நேரம், வேலியில் உள்ள கிழிசல், உள்ளே இருப்பவர்களை வெளியேற்றும் வழி ஆகியவை குறித்துக் கடிதங்களில் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. இது ஒரு கணினி விளையாட்டு எனக் கைதி கூறுகிறார். தாங்கள் அதைத் தனியே ஆடி வருவதாகவும், அது ஒருவர் மட்டுமே ஆடக்கூடியது எனவும் கூறுகிறார். ஆனால் தங்கள் கடிதங்களில் "வந்துவிட்டோம்", "நாங்கள் காத்துக்கொண்டிருக்கிறோம்" என்று தொடர்ந்து பன்மையில் உள்ளது. தங்களுடன் இருக்கும் இரண்டாவது ஆள் யார் என்று கேட்டதற்குக் கைதியால் விடை கூற இயலவில்லை.

எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும். விசாரணை முடியும் வரை கைதியின் வீட்டு விடுப்பு மனு நிறுத்தி வைக்கப்படுகிறது.

அதிகாரி, கடிதப் பிரிவு

•

ஏப்ரல் 22

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

அந்தக் கோபுரம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கோபுரம். வேலியும் லாரியும் ஜெனரேட்டரும் அதற்குள்தான். தாங்கள் யாரை அனுப்பினாலும் வீட்டைத் திறந்து காட்டுகிறேன். என் மச்சான் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான்தான் விளையாட்டு என்ற சொல்லையே போடாமல் எழுதித் தொலைத்திருக்கிறேன். இப்போது படித்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

இரண்டாவது ஆள் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவனுடைய அக்கா. என் மனைவி.

அவள் தலைக்குள் இடது பக்கம் ஒரு கட்டி இருக்கிறது. டிசம்பரில் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. ஜனவரியில் பேனா நிற்கவில்லை. பிப்ரவரியில் படம் எடுத்தோம். அறுவை செய்ய முடியாத இடம் என்றார்கள். மருந்தும் கதிர் சிகிச்சையும் கொடுத்துப் பார்க்கிறார்கள். எத்தனை மாதம் என்று கேட்டேன். டாக்டர் விரலை மடக்கினார். ஒரு கைக்குள்ளேயே முடிந்துவிட்டது.

படம் எடுப்பதற்கு முன்பே, ஜனவரி தொடக்கத்தில், நல்ல கையை ஓயாமல் அசைக்க ஏதாவது வேலை கொடுங்கள் என்றார்கள். என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. அவள்தான், "அவன் விளையாட்ட எடுங்க" என்றாள். "அவன் பொழுதன்னிக்கும் அதுல என்னதான் பாத்தான்னு நானும் பாக்கறேன்" என்றாள். அந்த விளையாட்டில் நடப்பதற்கு இடது கை, கீபோர்டில். சுடுவதற்கு வலது கை, மவுஸில். அவளுக்கு வலது கை இல்லை. எனக்கு இரண்டையும் சேர்த்துச் செய்ய வரவில்லை. அதனால் ஒரே சிப்பாயை இரண்டு பேராக ஆடுகிறோம். நடப்பது அவள், சுடுவது நான். கட்டிலை ஒட்டி மேசையைப் போட்டிருக்கிறேன். நான் குறி பார்ப்பதற்குள் அவள் நகர்ந்துவிடுவாள். "நில்லுடி" என்பேன். "நீங்க சீக்கிரம் சுடுங்க" என்பாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் நாங்கள் இத்தனை நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

அவள் தம்பிக்கு இது எதுவும் தெரியாது. அம்மா அப்பா போன பிறகு அவனை வளர்த்தது அவள். "உள்ள இருக்கறவன்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? செவுத்துல முட்டிக்கிறதத் தவிர அவனால என்ன பண்ண முடியும்? வெளிய வரட்டும், நானே சொல்றேன்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் சுளுக்கு என்று எழுதினேன். அப்படி எழுதாமல் உண்மையை எழுதியிருந்தால் தாங்கள் கேட்டபோது அவன் பதில் சொல்லியிருப்பான். விடுப்பும் கிடைத்திருக்கும். இதை நான் இன்று காலையிலிருந்து நூறு தடவை யோசித்துவிட்டேன்.

அவளுக்கு இப்போது சொற்கள் போய்க்கொண்டிருக்கின்றன. தண்ணீர் வேண்டுமென்றால் "வாசல்" என்கிறாள். மாத்திரையும் வாசல்தான். என்னையும் சில நேரம் அப்படித்தான் கூப்பிடுகிறாள். தம்பியை மட்டும் வாலு என்று சரியாகச் சொல்கிறாள்.

டாக்டர் சான்றிதழை இணைத்திருக்கிறேன். சத்தியத்தைப் பற்றி எனக்கு இனிக் கவலையில்லை. அவனை ஒரு தடவை அனுப்பிவையுங்கள். நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

பணிவுடன்,
லிஃப்ட் மெக்கானிக், கைதி எண் 4417-இன் அக்கா வீட்டுக்காரர்

•

மே 14

ஐயா,

தங்கள் விளக்கமும் சான்றிதழும் கிடைத்தன. எங்கள் அலுவலக எழுத்தர் ஒருவருக்கு அந்த விளையாட்டு தெரிந்திருந்தது. வரைபடம் அதன் நான்காம் கட்டத்துக்குரியதே என்று உறுதி செய்தார். விசாரணை முடிக்கப்பட்டது. கடிதங்கள் அனைத்தும் உரியவர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

ஏப்ரல் மாதக் குழு கூடி முடிந்துவிட்டது. அடுத்தது ஜூலையில்தான். நெருங்கிய உறவினரின் கடும் நோய் காரணமாகக் காவலுடன் ஆறு மணி நேர அனுமதி வழங்க மட்டுமே விதியில் இடமுள்ளது. மே 27 அன்று காலை பத்து முதல் மாலை நான்கு வரை. இரு காவலர்கள் உடன் வருவார்கள்.

அனுமதிப் படிவத்தில் காரணத்தை எழுதிக் கைதி கையொப்பமிட வேண்டும். ஆகவே அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. எழுத்தரிடம் விடாமல் நானே சொன்னேன். தங்கள் ஏப்ரல் 22 கடிதத்தையும் படிக்கக் கொடுத்தேன்.

கடிதங்களைப் படிப்பது என் வேலை. இரண்டு மாதங்களுக்கு மேல் அவற்றை என் மேசையில் வைத்திருந்தேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதிகாரி, கடிதப் பிரிவு

•

மே 16

மாமாவுக்கு,

என் உடம்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அக்கா இன்று எப்படி இருக்கிறாள்?

உங்கள்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. எழுதிவிட்டுக் கிழித்தேன், இரண்டு தடவை. முந்தாநாள் அந்த அதிகாரி என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். இங்கே கைதியை உட்காரச் சொல்ல மாட்டார்கள். அப்போதே புரிந்துவிட்டது, யாரோ போகப்போகிறார்கள் என்று. உங்களுக்குத்தான் ஏதோ என்று நினைத்தேன். லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். அக்காவை நான் நினைக்கவே இல்லை மாமா.

விசாரணையில் நாலு நாள் ஒரே கேள்வி. "அந்த இன்னொரு ஆள் யாரு?" எனக்குத் தெரியாது என்றேன். யோசித்து யோசித்துப் பார்த்து, உங்களோடு வேலை பார்க்கும் உதவியாளர் யாராவது இருக்கலாம் என்று சொல்லித் தொலைத்தேன். அவரைத் தேடி உங்கள் கம்பெனிக்கு ஆள் போனதாமே. அக்கா பெயரைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அந்த விளையாட்டுச் சத்தமே பிடிக்காது. கதவைச் சாத்திக்கிட்டு ஆடு என்பாள்.

இருபத்தேழாம் தேதி வருகிறேன். அவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாமலும் இருங்கள். எது நல்லதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மச்சான்

•

ஜூன் 3

அன்புள்ள மச்சானுக்கு,

நல்லபடியாகத் திரும்பிப் போய்ச் சேர்ந்தாயா? அந்தப் பெரிய காவலருக்கு முழங்கால் வலி என்றாரே, மூன்று மாடி ஏறி வந்ததற்கு நன்றி சொன்னேன் என்று சொல்.

நீ போன பிறகு நடந்ததை உனக்கு எழுத வேண்டுமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மறுபடியும் மறைத்தேன் என்ற பழி எனக்கு வேண்டாம். அதனால் எழுதுகிறேன்.

உள்ளே வந்ததும் அவள் உன்னை அடையாளம் கண்டது உண்மை. இடது கையால் உன் காதைப் பிடித்தது, வாலு என்றது, உன்னை என் நாற்காலியில் உட்காரச் சொன்னது, எல்லாம் உண்மை. நீ சுட, அவள் நடக்க, நீங்கள் இரண்டு பேரும் வேலிக்குள் போனதை அந்தக் காவலர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு மாத்திரை கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. வலி வந்துவிடுமே என்று கொடுத்தேன். தூங்கிவிட்டாள்.

நாலரை மணி நேரம் நீ கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். "எழுப்பட்டுமா?" என்று மூன்று தடவை கேட்டேன். "வேணாம் மாமா, தூங்கட்டும்" என்றாய். நாலு மணிக்குக் காவலர் கடிகாரத்தைப் பார்த்தார். நீ எழுந்து போனாய். அவள் நாலேகாலுக்குக் கண் விழித்தாள்.

மறுநாள் காலையில் "வாலு?" என்றாள். எப்போது வருவான் என்று கேட்கிறாள். "நேத்து வந்துட்டுப் போனானே" என்றேன். அவளுக்கு நினைவில்லை. ஒன்றுமே இல்லை. நான் சொல்வது பொய்யில்லை என்று புரிந்ததும் அழுதாள். முகத்தில் ஒரு பக்கம்தான் அழ முடிகிறது அவளுக்கு. அடுத்த நாளும் கேட்டாள். சொன்னேன். அதே அழுகை, அப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரி. மூன்றாம் நாளும் அப்படியே.

நாலாம் நாள் என்னால் முடியவில்லை. "நாளைக்கு வரான்" என்றேன். சிரித்தாள். மேசையைக் காட்டினாள். இடது கையைக் கீபோர்டில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அந்தச் சிப்பாயை, நீயும் அவளும் அன்று காலி செய்த முகாமில் நடக்க விட்டுக்கொண்டிருந்தாள், மூச்சு வாங்கும் வரை. அன்றிலிருந்து தினமும் அதையே சொல்கிறேன்.

நீ வந்ததை இல்லையென்று ஆக்கிவிட்டேன். ஆறு மணி நேரத்துக்காக நீ பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். நான் செய்வது சரியா, நிறுத்திவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் மாமா

•

ஜூன் 12

மாமாவுக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். வந்தபோது பார்த்தேன், உங்கள் சட்டை தோளில் நிற்கவில்லை.

உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் அந்த அதிகாரியேதான். படித்துவிட்டிருந்தார். நான் படித்து முடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டிருந்துவிட்டுப் போனார்.

மாத்திரை கொடுத்ததற்காக உங்களை நீங்களே தின்றுகொண்டிருக்காதீர்கள். தூங்கும்போது அவள் நெற்றியில் சுருக்கம் இல்லை. அதைத்தான் நான் நாலரை மணி நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுப்பியிருந்தால் அவள் வலியைத்தான் பார்த்திருப்பேன்.

நான் வந்ததை அவளிடம் இனிச் சொல்லாதீர்கள். வந்தது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அது எங்கும் போய்விடாது.

ஜூலை குழுவுக்கு என் பெயர் போயிருக்கிறது. கிடைத்தால் இருபத்தொன்றாம் தேதி, மூன்று நாள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், அந்தத் தேதியை அவளிடம் சொல்ல வேண்டாம். அவ்வளவு தூரம் அவளால் எண்ண முடியாது.

நாளைக்கு என்றே சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்